மச்சான் போட்ட கரண்ட் கணக்கு

இரண்டு கால்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. பங்களாக் குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த நடையில், சீலிங் பலகையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சதுரமாக ஒரு வாய் உண்டு. அதற்குக் கீழே மேசை போட்டு, மேசைமேல் ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஏறி நின்று இடுப்புவரைக்கும் உடம்பை உள்ளே விட்டிருந்தார் என் மச்சான். எனக்குத் தெரிந்ததெல்லாம் காக்கி அரைக்கால்சட்டையும், அட்டை கடித்த தழும்புகளோடு இரண்டு கால்களும்தான். மேலே டார்ச் வெளிச்சம் அசைவது பலகை இடுக்குகளில் கோடு கோடாகத் தெரிந்தது. அங்கிருந்தபடியே அவர் ஒரு கேள்வி கேட்டார். நான் அந்தக் கால்களைப் பார்த்துப் பதில் சொன்னேன். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ என்று இத்தனை வருசமாக யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

மச்சான் என் அக்காவைக் கட்டியவர். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே வருசத்தில் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு, என்னைத் தன் பிள்ளைபோல வைத்துக்கொண்டவர். டிக்கோயாவுக்கு மேலே ஏறிப் போகிற ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு வயர்மேன் வேலை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான். ஆற்றுத் தண்ணீரைப் பெரிய குழாயில் இறக்கி அதன் வேகத்தில் சுற்றும் ஒரு டைனமோ ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் பிறந்த கரண்ட் ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் துரை பங்களாவுக்கும் ஐயாமார் வீடுகளுக்கும் போகும். கூலி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களுக்குக் கிடையாது. வயர்மேன் குடியிருக்கிற காம்பரா என்பதால் எங்களுக்கு மட்டும் ஒரே ஒரு பல்பு கொடுத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்கவும், பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கவும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

மச்சான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்புவரைதான். கொழும்பிலிருந்து மெசின் பூட்ட வந்தவர்களுக்கு ஏணி பிடிக்கப் போய், பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்ட வேலை அது. ஆனால் கரண்ட் கணக்கு மட்டும் அவருக்குச் சுத்தமாக வரும். எந்தப் பல்புக்கு எவ்வளவு வேண்டும், எந்த வயர் எவ்வளவு கொண்டுபோகும் என்று கையில் கிடைத்த கரித்துண்டால் எங்கேயாவது எழுதிப் பார்த்துவிட்டு, ஒன்று தாங்கும் என்பார், இல்லையென்றால் தாங்காது என்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு பேச்சு அவரிடம் கிடையாது. அதை வைத்து லயத்தில் எல்லாரும் அவரைக் கிண்டல் செய்வார்கள். பீலித் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கங்காணி சம்சாரம் ஒருநாள் அவரை நிறுத்தி, "ஏங்க வயர்மேன், எம் மருமகன் ஒரு மாசம் வந்து தங்கப் போறானாம். எங்க வீட்டு அரிசி மூட்டை தாங்குமான்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. "மருமகன் ஒருவேளைக்கு எவ்வளவு திம்பாருன்னு ஒளிக்காம சொல்லுங்க அத்தை, போட்டுருவோம்" என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் உள்ள விவரத்தைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிற மனுசன்.

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கொஞ்ச காலம் கொழுந்து எடுத்தேன். பதினைந்து வயதில் மச்சான் ஆபீசில் சொல்லி என்னைப் பங்களா வேலைக்குச் சேர்த்துவிட்டார். துரைசாணி அப்போதுதான் சீமையிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தார். துணி மடிப்பது, குழந்தைத் துணி அலசுவது, குசினியில் கூடமாட நிற்பது என் வேலை. அந்தக் காலத்தில் நான் வாய் திறந்து பேசுவது மிகக் குறைவு. யாராவது நேராக ஒன்று கேட்டால் முகமெல்லாம் சூடாகிவிடும். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அடக்கமான பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். கூச்சத்தை நல்ல குணம் என்று சொல்லிச் சொல்லி என்னையும் அப்படியே நம்ப வைத்துவிட்டார்கள்.

பங்களாவில் சமைத்தவரை அப்பு என்று கூப்பிடுவோம். நாலு துரைமாரைப் பார்த்த பழைய ஆள். துரைசாணி வரும்வரைக்கும் பங்களாவில் கரண்ட் என்றால் பல்பும் ஒரு ரேடியோவும்தான். வயர்களும் பல்புக்கு என்று போட்டவைதான். அவர் கப்பலில் வரும்போதே துணி தேய்க்க ஒரு கரண்ட் அயனும் தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கரண்ட் கேத்தலும் கொண்டுவந்துவிட்டார். கரி அயனை ஊதி ஊதிக் கண் எரிந்த எனக்கு அந்த அயன் பெரிய அதிசயமாக இருந்தது. ஆனால் அயனும் கேத்தலும் ஒரே நேரத்தில் ஓடினால் நடையில் இருந்த பெட்டியில் டப்பென்று ஒரு சத்தம் வரும். பங்களாவில் பாதி அணைந்துபோகும். பியூஸ் போய்விட்டது என்பார் அப்பு. பெரியதாக ஏதும் எரிந்துவிடாமல் தான் முதலில் எரிந்து கரண்டை நிறுத்துகிற மெல்லிய கம்பி அது. பழைய துரை ஒருவர் அதை மாற்றிக் கட்ட அப்புவுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். ஒரு கம்பிச் சுருளும் இழுப்பறையில் கிடந்தது. வாரத்துக்கு மூன்று தரம் நாலு தரம் என்று போய்ப் போய், மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்தச் சுருள் தீர்ந்துவிட்டது.

இன்னொரு சுருள் வேண்டுமென்றால் ஸ்டோரில் மச்சானிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால், அத்தனை கம்பியும் எப்படித் தீர்ந்தது என்று கேட்பார். அயனையும் கேத்தலையும் சேர்த்துப் போடக் கூடாது என்று துரைக்குச் சொல்லுவார். அதைத் துரைசாணிக்கு எடுத்துச் சொல்லி ஏச்சு வாங்கப் போவது அப்புதான். அன்றைக்கு மத்தியானம் மறுபடியும் பியூஸ் போனபோது நான் குசினிப் பின்கட்டில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளில் சுற்றிய ரொட்டி. தோட்டத்தில் அந்தத் தாள் இல்லாத வீடு இல்லை. ஸ்டோரில் பெட்டி அடிக்கிற இடத்தில் மிச்சம் விழுகிற துண்டுகளைப் பெண்கள் மடியில் போட்டுக்கொண்டு வருவார்கள். மாரியம்மன் தேருக்கு அதில்தான் பூ வெட்டுவோம், ஆட்டக்காரர்களுக்கு அதில்தான் கிரீடம். ரொட்டி சுற்றினால் சாயங்காலம்வரை மெத்தென்று இருக்கும். எடுக்கக் கூடாத சாமான்தான். ஆனாலும் யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை.

அப்பு வந்து என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தத் தாள்ல ஒரு துண்டு குடு பாப்பா" என்றார். கிழித்துக் கொடுத்தேன். நடுங்குகிற விரலால் மடிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "ஒங் கை நல்லா இருக்கு. ஒரு வெரல் அகலத்துக்கு, நாலா மடிச்சுக் குடு." நான் தேர்ப்பூவுக்கு மடிக்கிற மாதிரி நகத்தால் நீவி, நேர்த்தியாக மடித்துக் கொடுத்தேன். அதை பியூஸ் கட்டையில் சொருகி அழுத்தினார். பல்பு எரிந்தது. "பாத்தியா? சீமை வரைக்கும் கப்பல்ல போற தாளு. இந்த அயனுக்குத் தாங்காதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் பியூஸ் போகவில்லை.

ஐப்பசி முடிந்து குளிர் இறங்கியது. குழந்தைக்குச் சளி பிடித்துக்கொண்டது. குழந்தை அறைக்கு ஒரு கரண்ட் ஹீட்டரும், குசினிக்கு ஒரு கரண்ட் குக்கரும் கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று துரைசாணி சொல்ல, துரை கொஞ்சம் நிதானக்காரர், வாங்குவதற்கு முன்னால் பங்களா வயர் அதைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லி மச்சானை அனுப்பினார்.

வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டு கலைந்து, கொழுந்துக்காரர்கள் மலைக்கு ஏறிய பிறகு வந்தார். வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர், பங்களாவில் என்னைத் தெரியாத ஆள் மாதிரி நடந்துகொண்டார். அதுதான் முறை. முதலில் பியூஸ் பெட்டிக்குத்தான் போனார். மூடியில் கை வைத்துக்கொண்டு, "பத்து நிமிசம் கரண்ட நிப்பாட்டணும், தொரசாணிகிட்டச் சொல்லுங்க" என்று அப்புவிடம் சொன்னார். துரைசாணி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊர்ச் செய்தி வருகிற நேரம். அப்பு போய்ச் சொன்னதும் உள்ளேயிருந்து, "வேணாம், வேணாம். பெறகு" என்று சத்தம் வந்தது. பிறகு என்றால் எப்போது என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. பத்து மணிக்குள் மச்சான் ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும். மூடியில் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எடுத்துவிட்டார். அவரும் கூலிக்காரன் பிள்ளைதானே. அந்தக் கை அந்த மூடியைத் திறந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

மற்றதையெல்லாம் பார்த்தார். ஒவ்வோர் அறையாகப் போய்ப் பல்புகளை எண்ணினார். அயனின் அடியில் அடித்திருந்த எழுத்தையும் கேத்தலின் அடியில் இருந்த எழுத்தையும் வாசித்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். வயரின் மேல் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று அங்கங்கே நகத்தால் கீறிப் பார்த்தார். கடைசியாகத்தான் மேசையும் ஸ்டூலும் போட்டு மேலே ஏறினார். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னை நிற்க வைத்தார்கள். குசினி வாசலில் அப்பு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"புள்ள, தொரசாணி அயனும் கேத்தலும் ஒண்ணாப் போடுறது உண்டா?"

"ம்" என்றேன்.

"அப்ப பியூஸ் போகுதா?"

கத்தி நின்றது. அப்பு என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. சும்மா பார்த்தார்.

"இல்லைங்க மச்சான்."

அது பொய் இல்லை. போகுதா என்றுதான் கேட்டார். போனதா என்று கேட்கவில்லை. அந்த ஒரு எழுத்து வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு இரவுச் சோறு எனக்கு இறங்கியது. மேலே டார்ச் அணைந்தது. "அப்ப சரி" என்று ஒரு சத்தம் கேட்டது. கால்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

கீழே வந்து மேசை ஓரத்தில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டார். குக்கருக்குத் தாங்காது, அதற்கு ஸ்டோரிலிருந்து புது வயர் இழுக்க வேண்டும். அயனும் கேத்தலும் சேர்ந்து ஓடியும் பியூஸ் போகவில்லை என்பதால் இன்னும் இடம் இருக்கிறது, ஆகவே ஹீட்டருக்குத் தாங்கும். இதை ஆபீசில் சொன்னபோது பெரிய கிளாக்கர் ஐயா இங்கிலீசில் எழுதினார். மச்சான் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் பல்புக்குக் கீழே உட்கார்ந்து அக்காவிடம் இதையெல்லாம் சந்தோசமாகச் சொன்னார். துரை, தான் சொன்னதைக் கேட்டுக் குக்கரை நிறுத்திவிட்டாராம். "ஏன்டி, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று அக்கா என்னைக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்போது அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். துரை இல்லை, அப்பு இல்லை. சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

ஹீட்டர் வந்தது. சிவப்பாகக் கனன்று, குழந்தை அறையை இதமாக வைத்திருந்தது. ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம், பனி இறங்கி எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியாமல், தூறலும் சேர்ந்துகொண்டது. குழந்தை அறையில் ஹீட்டர் ஓடியது. வெளிச்சம் பற்றாமல் பல்புகளைப் போட்டிருந்தார்கள். விருந்துக்கு ஆள் வருகிறது என்று நான் மேசை விரிப்பை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்பு கேத்தலைப் போட்டார். டப்பென்ற சத்தம் வரவில்லை. ரப்பர் கருகுகிற வாடைதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது நடையில் சீலிங் பலகை இடுக்குகளில் கோடு கோடாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு துரைசாணி வெளியே ஓடிவந்துவிட்டார். யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் வெளியே மழை பெய்ய உள்ளே நெருப்பு எரிந்தது. தகரத்துக்கு அடியில் காய்ந்த பலகை. மலையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து வாளி வாளியாக ஊற்றியும் குசினியும் நடையும் குழந்தை அறையும் போய்விட்டன. மச்சான் ஸ்டோரிலிருந்து டைனமோவை நிறுத்திவிட்டு ஏறி ஓடிவந்தபோது பியூஸ் பெட்டி இருந்த சுவரே இல்லை. சாம்பலில் கால் வைத்துத் தேடினார். எதைத் தேடினார் என்று எனக்கும் அப்புவுக்கும் மட்டும் தெரியும். கிடைக்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அப்பு என்னைக் கரிந்த சுவருக்குப் பின்னால் கூப்பிட்டார். கிழவர் அழுதார். "தாள் ஒன்னோடது, மடிச்சது ஒங் கை. நான் சொல்லித்தான்னு சொன்னா யாரு நம்புவா பாப்பா? ஸ்டோர் சாமான் எடுத்த குத்தம் ஒண்ணு, பங்களாவ எரிச்ச குத்தம் ஒண்ணு. ரெண்டு பேரையும் போலீசுல குடுத்துருவாங்க. ஒம் மச்சான் வேல தெரிஞ்சவரு. அவருக்கு ஒண்ணும் ஆகாது." கடைசியாகச் சொன்னதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்ப வேண்டியிருந்தது.

ஆபீசில் துரை மேசைக்கு அந்தப் பக்கம், கிளாக்கர் ஐயா பக்கத்தில். நானும் அப்புவும் கதவோரம். மச்சான் நடுவில், தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரைக்குத் தோட்டத் தமிழ் வரும். "நீதானே பாத்தது? தாங்கும் சொன்னது?" என்றார்.

"நான்தாங்க. கணக்குல எங்கயோ தப்பு வந்திருச்சுங்க."

"பியூஸ் ஏன் போகல்ல?"

"அதாங்க எனக்கு வெளங்கல. போயிருக்கணும் தொரை. வயரு சூடாகுறதுக்கு முந்தி போயிருக்கணும்."

உண்மைக்கு ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னார். நான் சொல்லித்தான் ஹீட்டருக்கு இடம் இருக்கிறது என்று முடிவு செய்ததாக அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சின்னப் பெண்ணிடம் கேட்டேன் என்று துரை முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையோ, என்னை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று நினைத்தாரோ தெரியாது. கிளாக்கர் ஐயா எங்கள் பக்கம் திரும்பி, யாராவது பியூஸைத் தொட்டீர்களா என்று கேட்டார். "சமையக்காரனுக்கு பியூஸ்ல என்னாங்க ஐயா வேல?" என்றார் அப்பு. "நீ?" என்றார் ஐயா. என் முகம் சூடாகியது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தப் பிள்ளை வாய் பேசாத பிள்ளை என்று யாரோ சொன்னார்கள். ஐயாவும் அதோடு விட்டுவிட்டார்.

மச்சானுக்குப் பற்றுச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். தோட்டத்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அது கையில் வந்தால் வேலை போச்சு, காம்பரா போச்சு, வேறு தோட்டம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பல்பு எரிந்த அந்தக் காம்பராவிலிருந்து பானை சட்டிகளை அக்கா ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். கங்காணி சம்சாரம்தான் கடைசிவரை நின்று அழுதாள்.

கந்தப்பளைப் பக்கத்தில் மச்சானின் சொந்தக்காரர் ஒருவர் தலையிட்டு ஒரு தோட்டத்தில் பேர் பதிந்து கொடுத்தார். வயர்மேன் வேலை இல்லை. மலையில் தண்ணீர் ஓடுவதற்குக் கான் வெட்டுகிற வேலை. அங்கே எங்களுக்குக் குப்பி விளக்குதான். விரல் நுனியால் வயரின் சூட்டை அறிகிற கை, மண்வெட்டிப் பிடியில் காய்த்துக் கல்லாகிப்போனது. அதைக்கூடப் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். சுவரில் எழுதினதைத்தான் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்து வந்து கால் கழுவியதும் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, பல்பு இத்தனை, அயன் இவ்வளவு, கேத்தல் இவ்வளவு, ஹீட்டர் இவ்வளவு என்று அதே கணக்கை எழுதுவார். கூட்டுவார். பார்த்துக்கொண்டே இருப்பார். தீபாவளிக்கு அக்கா ஏசிக்கொண்டே வெள்ளை அடிப்பாள். அடுத்த வாரம் மறுபடியும் அதே கணக்கு கறுப்பாக நிற்கும். தப்பு கணக்கில் இல்லை என்பதால் எத்தனை தரம் போட்டாலும் தப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததால் தன் புத்தியையே நம்பாமல் ஆகிவிட்டார். அந்தத் தோட்டத்து ஸ்டோரில் ஒருமுறை மோட்டார் நின்றுபோய், இவர் முன்பு வயர்மேன் என்று கேள்விப்பட்டு ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவே லயத்துக்கு வந்து கூப்பிட்டார். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா. நான் கான் வெட்டுறவன்" என்று சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கு முழுதும் அவரோடு பேசவில்லை. தாங்கும் தாங்காது என்ற பேச்சே அவர் வாயில் இல்லாமல் போனது. எதைக் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும்" என்பார்.

ஒரு வாக்கியம் போதும், அவரை எழுப்பிவிட. தினமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன். அப்பு செத்துப்போனார் என்று டிக்கோயாவிலிருந்து செய்தி வந்த பிறகும், பயப்பட இனி ஆள் இல்லாத பிறகும் சொல்லவில்லை. நாள் ஆக ஆக, செய்த குற்றம் சின்னதாகி, சொல்லாமல் இருந்த குற்றம் பெரியதாகிக்கொண்டு வந்தது. இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு யாரும் இல்லாமல், அதையும் மச்சானே முன்னால் நின்று செய்தார்.

நெஞ்சுச் சளி முற்றி அவரை நுவரெலியா ஆஸ்பத்திரியில் போட்டிருப்பதாகச் சொல்லி அனுப்பியபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடுவது இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று லயமெல்லாம் பேச்சாக இருந்த காலம். பஸ் பிடித்துப் போனேன். பார்வை நேரம். அக்கா சுடுதண்ணீர் வாங்கப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவர் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி, தாள், அப்பு, கேள்வி, பதில். முடித்த பிறகும் நிமிரவில்லை.

அவர் முதலில் கேட்டது ஏன் என்று இல்லை.

"எத்தன மடிப்பு?"

"நாலுங்க."

"அதுக்கு முந்தி பியூஸ் போச்சா?"

"போச்சுங்க. வாரத்துக்கு மூணு, நாலு தரம்."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. போர்வைக்கு மேலே விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கணக்குப் போடுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாலு மடிப்புன்னா அது பியூஸே இல்லையே புள்ள. இது தெரிஞ்சிருந்தா ஹீட்டருக்குத் தாங்காதுன்னுதான் சொல்லிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "கணக்கு சரிதான்" என்றார்.

கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தவருக்குக் கழுத்து நிமிருமே, அப்படி அவர் முகம் ஆனது. என்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அக்கா போத்தலோடு வந்ததும், "இந்தா, கணக்கு சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார். "என்னா கணக்குங்க?" என்றாள் அவள். "சரிதான், சரிதான்" என்றாரே தவிர என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பியபோது அக்கா பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள். "நீ பக்கத்துலதானடி இருந்த. என்னமோ கணக்கு கணக்குன்னாரே, என்ன அது?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன்.

போன மாதம் மகள் வீட்டுக்கு ஒரு கரண்ட் வேலைக்காரர் வந்தார். துணி துவைக்கிற மெசினும் சுடுதண்ணீர் மெசினும் வாங்குவதற்கு முன்னால் வீட்டு வயர் தாங்குமா என்று பார்க்கத்தான். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே பெட்டிக்குப் போய், யாரையும் கேட்காமல் கரண்டை நிறுத்தினார். டீவி அணைந்து பேரப்பிள்ளைகள் கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

மச்சான் போன பிறகு அக்கா நெடுங்காலம் இருந்தாள். மச்சானைப் பற்றி யார் விசாரித்தாலும், "கடைசி நேரத்துல பாவம், புத்தி தடுமாறிப் போச்சு. கணக்கு சரி, கணக்கு சரின்னு ஒளறிக்கிட்டே கெடந்தாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பாள். பல தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நானும் கொட்டினேன். இப்போது அக்காவும் இல்லை.

அவர் உளறவில்லை.